பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு வியாழன்: கேள்வி பதில்

வேறு சூரியன்களைச் சுற்றும் வாயுக் கோள்கள் பற்றி மலைக்காரர்கள் கேட்டவை.

அண்ணே, அப்படி ஒரு கோளைக் கொடைக்கானலிலிருந்து பார்க்கலாமா? (பூம்பாறை)

கோள் தெரியாது தம்பி, அதன் சூரியனைப் பார்க்கலாம். மார்கழியில் நன்றாக இருட்டினதும் உச்சிக்குச் சற்று மேற்கே பெரிய சதுரம் ஒன்று நிற்கும், அதன் மேற்குப் பக்கத்து இரண்டு நட்சத்திரங்கள்தான் பூரட்டாதி. அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி மங்கலாக இருப்பது 51 பெகாசி, சுமார் 50 ஒளியாண்டு தூரம். ஏரிக்கரை விளக்கு வெளிச்சத்தில் தேடாதே, மன்னவனூர் பக்கம் போ. பைனாகுலர் இருந்தால் சுலபம்.

கண்ணுக்கே தெரியாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (பெருமாள்மலை)

பிள்ளையின் கையைப் பிடித்துச் சுற்றிவிடும் அப்பாவும் லேசாக ஆடுவார் இல்லையா, நட்சத்திரமும் அப்படித்தான். அது நம் பக்கம் வரும்போது நிறமாலைக் கோடுகள் (அதன் ஒளியை வானவில் மாதிரிப் பிரித்தால் ஊடே தெரியும் கருங்கோடுகள்) நீலத்தை நோக்கியும், விலகும்போது சிவப்பை நோக்கியும் நகரும். இதே டாப்ளர் வித்தையை வைத்துத்தான் 1909இல் நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். அது வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கு. 51 பெகாசி ஆடுவதோ வினாடிக்கு 56 மீட்டர்தான், நம் வியாழன் சூரியனை ஆட்டுவது இன்னும் குறைவு, 12 மீட்டர் சொச்சம். 1995இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் பிரான்ஸில் இதை அளந்தார்கள், 2019இல் நோபல் பரிசு வாங்கினார்கள். கொடையில் டூரிஸ்ட் கூட்டம் தூண் பாறைக்குப் போகிறது, இந்த ஆய்வகத்தை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தக் கோளுக்கு ஒரு வருஷம் நாலே நாளாமே, நிஜமா? (தாண்டிக்குடி)

நிஜம்தான், 4.2 நாள். அதன் சூரியனிலிருந்து சுமார் 75 லட்சம் கிலோமீட்டரில் சுற்றுகிறது, நம் புதனே 5.8 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூடு ஆயிரம் டிகிரி அளவில் இருக்கும். இவ்வளவு கிட்டத்தில் இத்தனை பெரிய கோள் உருவாவது கஷ்டம், அதனால் தூரத்தில் பிறந்து பிறகு உள்ளே நகர்ந்து வந்தது என்பதே பலரின் கணிப்பு. எப்படி நகர்ந்தது என்பதில்தான் இன்னும் சண்டை.

பிள்ளைகளுக்குக் காட்ட நிஜப் படம் உண்டா சார்? (பண்ணைக்காட்டு டீச்சர்)

இணையத்தில் வண்ண வண்ணமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஓவியம் டீச்சர். 2020இல் சிலியிலுள்ள விஎல்டி (‘மிகப் பெரிய தொலைநோக்கி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற தொலைநோக்கி, சுமார் 300 ஒளியாண்டு தூரத்தில் சூரியனைப் போன்ற ஓர் இளம் நட்சத்திரத்தையும் அதன் இரண்டு வாயுக் கோள்களையும் நேரடியாகப் படம் எடுத்தது. வெறும் புள்ளிகள்தான், ஆனாலும் அதையே காட்டுங்கள்.

எங்கள் முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்கு இவை கேட்குமா? (ஊட்டி)

கஷ்டம். வியாழனின் பலமான ரேடியோ வெடிப்புகள் 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வரும், முத்தோரை கேட்பது 327 பக்கம்.