முகத்துக்கு நேரே

வணக்கம் ஐயா,

எட்டு மாதமாக நெதர்லாந்தில் ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். போன வாரக் கூட்டத்தில் என் டிசைனைக் காட்டினேன். என்னைவிட வயதில் சின்னவர் ஒருவர் எல்லார் முன்னாலும், "இது சரிவராது, இரண்டாவது பகுதியை யோசிக்காமலே செய்திருக்கிறீர்கள்" என்றார். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து சீஸ் ரொட்டி சாப்பிட்டபடி விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று விசாரிக்கிறார். மேலாளரோ, நான் சனி, ஞாயிறும் உட்கார்ந்து வேலையை முடித்ததைப் பாராட்டவில்லை. "நேரம் போதாது என்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். இது நிறவெறியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் பத்துப் பேர் முன்னால் வேலையைக் குறை சொன்னால் ஆளையே குறை சொன்ன மாதிரி. அவர் டிசைனைப் பற்றிப் பேசினார், பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. மனதில் எதுவும் இல்லாததால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

உங்கள் மேலாளர் கேட்ட கேள்விதான் முக்கியம். நான் அங்கே வேலை பார்த்தபோது, பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி துறைத் தலைவரிடம், "உங்கள் திட்டத்தில் சோதனைக்கு நாளே ஒதுக்கவில்லையே" என்றாள். அவர் காலண்டரைத் திறந்து தேதியைத் தள்ளி வைத்தார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரையையும் கால்வாயையும் ஊர்கள் கூடிப் பேசிப் பராமரிக்க 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் வந்துவிட்டன. இன்றும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது. 1982இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் வாசனார் என்ற ஊரில் செய்துகொண்ட ஒப்பந்தமும் இதே வழிதான்: சங்கங்கள் ஊதிய உயர்வை மட்டுப்படுத்தச் சம்மதித்தன, முதலாளிகள் வேலை நேரத்தைக் குறைக்கச் சம்மதித்தார்கள். 50 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியர் மன்றம் சட்டப்படி கட்டாயம். பெரிய மாற்றம் செய்யுமுன் அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். இப்படி எல்லாரையும் கேட்டு முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தலையாட்டிவிட்டு வீட்டில் ராத்திரி விழித்து முடித்தால், திட்டம் சரியாகத்தான் இருந்தது என்று நினைத்து அடுத்த தடவையும் அதே கெடுவைத் தருவார்கள். உங்கள் உழைப்பு அவர்கள் கண்ணில் படவே படாது. எனக்கு இதுதான் கவலை.

அதற்காக நிறவெறி அங்கே இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'நாங்கள் நேரடியாகப் பேசுகிறவர்கள்' என்று சொல்லிக்கொண்டு உங்கள் உச்சரிப்பையோ ஊரையோ யாராவது இழுத்தால் பொறுத்துப் போக வேண்டாம். "இப்படிப் பேசாதீர்கள்" என்று அவரிடமே சொல்லுங்கள். அப்புறமும் தொடர்ந்தால், இதற்கென்றே பல நிறுவனங்களில் ரகசியம் காக்கும் ஆலோசகர் ஒருவர் இருப்பார், அவரிடம் போங்கள்.

சரி, இந்த வாரமே மேலாளரிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். "செவ்வாய்க்குள் முடியாது, வியாழன் ஆகும், சோதனைக்கு இரண்டு நாள் வேண்டும்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். அந்த இளைஞரின் அடுத்த டிசைனில் ஓட்டை தெரிந்தால் அதையும் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.