அரியமான், தனுஷ்கோடி போகிறவர்கள் கடல் உயிர்களைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

குழந்தைகளோடு ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைகளான அரியமானுக்கும் தனுஷ்கோடிக்கும் போகிறோம், ஆமை, பாம்பு, சொறி (ஜெல்லிமீன்) எதையாவது பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கேயே மண்டபம் ஊர்ப் பக்கத்து ஆள், அதனால் சொல்கிறேன்.

பெரிய பிராணி ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இங்கே காலடியைத்தான் பார்க்கணும். அரியமான் பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். அந்த மணலுக்குள் திருக்கை மீன் உடம்பைப் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் படுத்திருக்கும். மிதித்தால் வால் முள்ளால் அடித்துவிடும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால், அதிர்வு தெரிந்து அதுவே விலகிப் போய்விடும். மீறிக் குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அதில் விட்டிருங்கள், வலி குறையும். குத்துப்படாத காலில் சூடு பார்த்துவிட்டு வையுங்கள், வலியில் சூடு தெரியாது. முள் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் அப்புறம் டாக்டரிடம் கட்டாயம் காட்டணும்.

சொறி கரையில் நுங்கு மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் தொடத்தான் பார்ப்பார்கள். செத்துக் கிடந்தாலும் அதன் இழை பட்டால் அரிப்பும் எரிச்சலும்தான். பட்ட இடத்தில் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டுமே நஞ்சை இன்னும் இறக்கும். கடல் தண்ணீரால் அலசுங்கள். மூச்சு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

கடல்பாம்புக்கு வால் தட்டையாக இருக்கும். கரைவலையோடு வந்து மணலில் விழுந்தால் அதனால் சரியாக நகர முடியாது. செத்துவிட்டது என்று குச்சியால் நோண்ட ஒரு ஆள் எப்படியும் வந்துவிடுவார்! கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் உடம்பெல்லாம் தசை வலி தொடங்கும். வலிக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தனுஷ்கோடியில் குளிர்காலத்தில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வரும். 2025-ல் அந்த இடத்தைச் சரணாலயமாகவே அறிவித்தார்கள். கூட்டம் எழும்பிப் பறக்கிற வீடியோவுக்காக அவற்றை நோக்கி ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். அவை தலைகீழாக அலகை விட்டுச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்பவை. ஒவ்வொரு தடவை கிளப்பும்போதும் தீனி பாதியில் நிற்கிறது. தூரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள்.

ராத்திரி முட்டையிட ஆமை ஏறினால் டார்ச், பிளாஷ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள்; வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். உயிரோடு ஆவுளியா (கடல்பசு) ஒதுங்கினால் வாலைப் பிடித்து இழுக்காமல், மூக்குத் துவாரத்தில் தண்ணீர் போகாமல் ஈரத்துணி போர்த்தி, வனத்துறைக்கோ பக்கத்து மீனவர்களுக்கோ சொல்லுங்கள்.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளத் துண்டு எதையும் பையில் போட்டுவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி இவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு.