வெயிலில் வாடும் தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: காலையில் தண்ணீர் விட்டும் மதியம் பூசணி இலையெல்லாம் தொங்கிப் போகிறது அக்கா. இன்னொரு தடவை விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வேர் உறிஞ்சித் தருவதைவிட இலை வழியாக வெளியேறுவது அதிகமாகிவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் அகன்ற இலைகள் தொங்கத்தான் செய்யும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். விடிந்த பிறகும் நிமிராமல் கிடந்தால்தான் கவலை. சந்தேகம் வந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் செடியைச் சும்மா விடுங்கள். ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். வேர் அழுகிய செடியும் இதே மாதிரிதான் வாடும், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இன்னொரு வாளி கொண்டுவருவீர்கள்.

கேள்வி: உச்சி வெயிலில் இலைமேல் தண்ணீர் பட்டால், துளி லென்ஸாக மாறி இலையைப் பொசுக்கிவிடும் என்கிறார்களே?

பதில்: 2010இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வழவழப்பான இலையில் துளி படிந்து கிடப்பதால் ஒளி இலைமேல் குவிவதில்லை, கருகலும் இல்லை. ரோமம் அடர்ந்த இலைகளில் துளி இலையைத் தொடாமல் மேலே நிற்கும்போது மட்டும் கருக வாய்ப்புண்டு. மதியம் வேண்டாம் என்பதற்கு ஆவியாகிப் போகும் வீண் செலவுதான் காரணம். அதற்காக, தொட்டிச் செடி மண் வறண்டு துவண்டு நிற்கும்போது மாலை வரை காத்திருக்காதீர்கள், உடனே ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். அதை ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்ட பிறகு செடிக்கு ஊற்றுங்கள்.

கேள்வி: தண்ணீர் கட்டுப்பாடு வந்துவிட்டது. தினமும் எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. மழைக்குச் சமம். பத்து லிட்டர் பூவாளியை ஐந்து சதுர மீட்டருக்குப் பரப்பினால் வெறும் 2 மி.மீ.தான். மேல்மண் நனைந்து, மதியத்துக்குள் காய்ந்துவிடும். வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே நிற்கும். அதே தண்ணீரைச் சில நாள் இடைவெளி விட்டு, ஒரே இடத்தில், அதிகாலையில், ஆழமாக இறங்கும்படி விடுங்கள். பிறகு சருகோ வைக்கோலோ இரண்டு மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

அப்புறம், எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். சமீபத்தில் நட்ட மரக்கன்றுகளுக்கு முதலிடம். அவை போனால் வருடங்கள் போய்விடும். அடுத்து பூவும் பிஞ்சுமாக நிற்கும் காய்கறிகள். பூத்து முற்றிவிட்ட கீரையைப் பிடுங்கிவிடுங்கள். புல்தரைக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், பழுப்பாகித் தூங்கும், பெரும்பாலும் மழைக்குத் திரும்பிவிடும். இந்த மாதங்களில் செடி உயிரோடு இருந்தால் போதும், வளர வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் உரமும் வேண்டாமா?

பதில்: வேண்டாம். காய்ந்த மண்ணில் உரத்தின் உப்பு வேரைச் சுடும். தப்பித்தாலும் தண்ணீர் கேட்கும் புதுத் தளிர்தான் வரும்.

கேள்வி: கோகோபீட் (தென்னை நார்த் துகள்) கலந்த தொட்டி. ஊற்றிய உடனே தண்ணீர் அடியில் ஓடி வந்துவிடுகிறது. ஆனால் செடி வாடுகிறது.

பதில்: தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். கலவை முழுக்கக் காய்ந்து சுருங்கி, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு விரிசல் விட்டிருக்கும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக நேராக இறங்கிவிடுகிறது, வேர்ப்பந்தின் நடு அப்படியே வறண்டு கிடக்கிறது. தொட்டியைத் தூக்கினால் ஊற்றிய பிறகும் லேசாக இருக்கும். அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அதற்குள் வையுங்கள். மேல்மண் நிறம் மாறும் வரை விட்டு, எடுத்து வடியவிடுங்கள். இப்போது தூக்கிப் பாருங்கள், கனம் தெரியும். அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொண்டால் இனி விரலைக்கூட மண்ணில் விட வேண்டாம்.

கறுப்புத் தொட்டி என்றால் வெயில் படும் பக்கம் வேரே வெந்துவிடும். தொட்டிகளை நெருக்கி வைத்து, வெளி வரிசைக்கு ஒரு சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: தக்காளியில் பூ உதிர்கிறது, இருக்கிற காயிலும் அடியில் கறுப்பு. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இரண்டுக்கும் மருந்து இல்லை. பகல் சுமார் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் கெட்டு, பூ உதிரும். வெப்பம் இறங்கினால் காய் பிடிக்கும். அடிக் கறுப்பு, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என்று விட்டால் அது காய் வரை போகாது. ஈரத்தைச் சீராக வைத்திருங்கள். இலைகளைக் கழிக்காதீர்கள், நிழல் போனால் காயில் வெள்ளைத் தழும்பு விழும். நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கலாம், இந்த வெயிலில் செடியில் விட்டால் சிவப்பு சரியாக ஏறாது.

கேள்வி: ஏசி தண்ணீர், ஆர்.ஓ. கழிவு நீர், துணி துவைத்த நீர் எல்லாம் விடலாமா?

பதில்: ஏசி தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, தாராளமாக விடலாம். ஆர்.ஓ. கழிவு நேர் எதிர், உப்பு கூடியது. தரையில் நிற்கும் மரத்துக்கு எப்போதாவது சரி, தொட்டிக்குக் கூடாது. துணி அலசிய கடைசித் தண்ணீர் பரவாயில்லை, ப்ளீச் போட்டது ஆகாது. அலசிய தண்ணீரை அன்றன்றே மண்ணில் ஊற்றுங்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரை, கிழங்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: கத்தரி இலையில் பொடிப் பொடியாக வெளிறிய புள்ளி, அடியில் மெல்லிய வலை. வேப்பெண்ணெய் அடிக்கவா?

பதில்: இது செம்பேன், இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பேன். காய்ந்த வெப்பத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும். முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. வேப்பெண்ணெய் என்றால் வெயில் இறங்கிய பிறகு மட்டும். பகலில் அடித்தால் பேனை முந்திக்கொண்டு இலை கருகும்.

கேள்வி: செம்பருத்தி முழுக்க இலை கொட்டிக் குச்சியாக நிற்கிறது. பிடுங்கிவிடலாமா ஐயோ பாவம் என்றிருக்கிறது.

பதில்: நகத்தால் கிளையின் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தாலும் கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள், அடித்தண்டு வரை பழுப்பு என்றால்தான் முடிந்த கதை. பச்சை இருந்தாலும் இப்போது கவாத்து செய்யாதீர்கள், வெட்டினால் தளிர் விடும், தளிர் வெயிலில் கருகும். மண்ணை லேசான ஈரத்தில் மட்டும் வைத்திருங்கள், இலை இல்லாத செடிக்கு நிறையத் தண்ணீர் தேவைப்படாது. சூடு தணிந்ததும் காய்ந்ததை வெட்டிக்கொள்ளலாம்.