1,457 யார்டு பாக்கி

அன்புள்ள ஐயா,

டெட்ராய்ட் பக்கம் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. இங்கே டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பழைய அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் பாரி சாண்டர்ஸ் பேச்சை எடுத்தாலே அலுவலகத்துப் பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பந்தோடு ஓடிக் கடந்த தூரத்தில் வால்டர் பேட்டன் வைத்திருந்த 16,726 யார்டு சாதனைக்கு 1,457 யார்டே பாக்கி இருக்கும்போது, 1999-இல் காயம்கூட இல்லாமல் விலகிவிட்டாராம். திறமைக்குச் செய்த துரோகம் இல்லையா இது? அப்புறம், என் பத்து வயது மகன் இந்த ஆட்டத்தில் சேர ஆசைப்படுகிறான். சேர்க்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

மகன் விஷயத்தை அவன் அம்மாவிடமும் ஒரு நல்ல டாக்டரிடமும் கேளுங்கள்.

'பாக்கி' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடுதான் இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறேன். யாருக்கு வைத்த பாக்கி? நான் விருப்ப ஓய்வு வாங்கியபோது அடுத்த பதவி உயர்வுக்கு 14 மாதம் இருந்தது. என் மைத்துனர் இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று அகவிலைப்படியோடு சேர்த்துச் சொல்வார். வருடா வருடம் தொகை ஏறுகிறது. பிரியத்தில்தான் சொல்கிறார். நீங்களும் அவர் கட்சி.

சாண்டர்ஸ் ஒரு ரன்னிங் பேக். அப்படியென்றால் என்ன வேலை? ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தன் வயிற்றில் திணிக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் பதினோரு பேருக்குள் புகுந்து ஓடவேண்டும். பெரும்பாலும் யாராவது தரையில் சாய்ப்பதோடுதான் அது முடியும். சாண்டர்ஸ் ஐந்தடி எட்டங்குல ஆள். பத்து சீசனில் 3,062 முறை அப்படி ஓடினார். 3,062! நிதானமாக எண்ணிப் பாருங்கள். நூறு கிலோவுக்கு மேலான ஆசாமிகள் விலாவில் வந்து மோதுவார்கள். விழவேண்டும், எழவேண்டும், மறுபடி பந்தை வாங்கவேண்டும். 1997-இல் 2,053 யார்டு ஓடினார். ஆனால் சாம்பியன் யார் என்று முடிவாகும் பிளேஆஃப் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே லயன்ஸ் தோற்றது. அந்தப் பத்து வருடத்தில் பிளேஆஃபில் ஒரே ஒரு வெற்றி. காயமில்லை என்கிறீர்கள். விழுந்தது நீங்களா?

அவர் யார்டு எண்ணுகிற ஆள் இல்லை என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. 1989, அட்லாண்டாவில் கடைசி ஆட்டம். அந்த வருடம் ஓடிய யார்டு கணக்கில் லீக்கில் முதலிடத்தில் இருந்த கிறிஸ்டியன் ஒகோயேவுக்குப் பத்து யார்டுதான் பின்னால் இருந்தார். வெற்றி கைக்கு வந்துவிட்டது. உள்ளே போகிறாயா என்று பயிற்சியாளர் கேட்டார். வேண்டாம், ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் பையன். 21 வயது. பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டாலும் ஆட்டம் பாட்டம் கிடையாது, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடப்பார்.

பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊர் விச்சிட்டாவின் பத்திரிகைக்கு ஃபேக்ஸ் அனுப்பி விலகியது மட்டும் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்தத்துக்காக வாங்கிய போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி தீர்ப்பும் வந்தது. பாக்கி என்றால் அது பாக்கி.

பேட்டனின் சாதனையை 2002-இல் எம்மிட் ஸ்மித் தாண்டிவிட்டார். இதை உங்கள் பெரியவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பத்து வருடம் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள், பெருமூச்சு விடட்டும். நீங்கள் வந்து நான்கு வருடம்தானே ஆகிறது.