நீள முகத்துக்கு எந்த ஹேர்கட்?

கேள்வி: எனக்கு 24 வயது. முகம் நீளம், நெற்றி அகலம். இடுப்புவரை நேரான முடி. நடு வகிடு எடுத்துப் பின்னுவேன். கல்லூரியில் ‘குதிரை மூஞ்சி’ என்று கூப்பிட்டது இன்னும் வலிக்கிறது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். முடி வெட்டினால் முகம் உருண்டையாகத் தெரியுமா? பின்னலுக்கு நீளம் வேண்டும் என்கிறார் அம்மா.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பேச்சு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். என் முகமும் நீளம்தான். என் கல்யாணத்தன்று அலங்காரம் செய்தவர் உச்சியில் பஃப் வைத்துத் தூக்கி, காதோர முடியை வழித்துக் கட்டிவிட்டார். அந்த ஆல்பத்தை நான் இன்றும் பிரிப்பதில்லை. மதுரையில் பார்லர் வைத்த பிறகு, நீள முகத்தோடு வருகிற எந்தப் பெண்ணுக்கும் நான் பஃப் வைத்ததில்லை.

முடி வெட்டினால் முகம் உருண்டையாகிவிடாது. நடு வகிடும் கன்னத்தை ஒட்டித் தொங்கும் நேர் முடியும் பார்ப்பவர் கண்ணை மேலிருந்து கீழே இழுக்கின்றன. கன்னத்தருகே முடி கொஞ்சம் பரந்து நின்றால் கண் அங்கே தங்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

அம்மா சொல்வதும் சரி. பின்பக்கம் கத்தரி படவே வேண்டாம். முன்முடியில் மட்டும் லேயர், அதாவது படிப்படியாக நீளம் கூடும் வெட்டு, கேளுங்கள். முதல் லேயர் கன்ன எலும்பு உயரத்தில் தொடங்கட்டும். மோவாய்க்குக் கீழே தொடங்கினால் பயனில்லை. நெற்றிக்கு, ஒரு பக்கமாகச் சாயும் ஃப்ரிஞ்ச், அதாவது நெற்றியில் விழும்படி வெட்டிய முன்முடி. 1960-ல் வந்த ஓர் இந்திப் படத்தில் நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்கத்தான் முன்முடியை வெட்டினார்கள். அதுவே ‘சாதனா கட்’ என்று ஊரெல்லாம் பரவியது. அவர் மாதிரி நெற்றி முழுக்க விட்டால் நம் ஊர் வெயிலில் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். சாய்த்து விடுவதே நல்லது. அந்த முடியில் எண்ணெய் வேண்டாம், நெற்றியில் பரு வரும்.

ஈர முடி நீண்டு தெரியும், காய்ந்ததும் மேலேறும். அதனால் ஃப்ரிஞ்சை மூக்கு நுனிவரை விட்டு வெட்டச் சொல்லுங்கள், காய்ந்தபின் குறைத்துக்கொள்ளலாம். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே வெட்டிவிடுங்கள். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதிகமாக வெட்டிவிட்டால் அவசரத்துக்கு ஈடு செய்ய முடியாது. பல வருட நடு வகிடு சட்டென்று மாறாது. தலை குளித்த ஈரத்திலேயே கோண வகிடு எடுத்து, காயும்வரை கிளிப் போட்டு வையுங்கள்.

நிச்சயதார்த்தத்தன்று நெற்றிச்சுட்டிக்காக நடு வகிடு எடுக்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சங்கிலி வேண்டாம். நெற்றியோரமாக இரு பக்கமும் ஓடுகிற சங்கிலி உள்ளதாக எடுங்கள். காதில் நீளத் தொங்கட்டானைவிட அகலமான ஜிமிக்கி நல்லது. அலங்காரம் செய்பவர் உட்காரவைத்ததுமே, உச்சியில் பஃப் வேண்டாம், கன்னத்து லேயரை வழித்துக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.