அம்மாவுக்கு ஏன் டொச் (ஜேர்மன் மொழி) ஏறுதில்லை?

அன்புள்ள அக்கா,
எங்கட சொந்த இடம் திருகோணமலைப் பக்கம் சம்பூர். 2006ல சண்டையில வெளிக்கிட்டு கிளிவெட்டி முகாமில பல வருசம் இருந்தம், இப்ப ஜேர்மனி. அம்மா ஊரில கணக்கு டீச்சர். இங்க டொச் வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமப் போறா, ஆனா பி1 எண்ட நடுத்தர மட்ட மொழிச் சோதனை ரெண்டு தரம் ஃபெயில். ரெண்டாம் வகுப்பு படிக்கிற என்ட மகளே அம்மம்மாவைத் திருத்துறாள். கவனமில்லை எண்டு நாங்களும் ஏசிப்போட்டம். வயசுதான் காரணமா, இல்லாட்டி அந்த நாள் நடந்ததுகளா?
ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

வயசும் கொஞ்சம் இருக்கும், ஆனா நீங்கள் கடைசியா எழுதினதுதான் எனக்குப் பெரிசாப் படுது. முதல்ல அம்மாட்ட மன்னிப்புக் கேளுங்கோ, உண்மையாத்தான் சொல்றன்.

புதுச்சொல்லு மண்டையில நிக்கிறதுக்கு வகுப்பில கவனம் வேணும், ராவில நித்திரை வேணும், பகல்ல படிச்சதை மூளை பதிச்சு வைக்கிறதில நித்திரைக்கும் முக்கிய பங்கு இருக்கு. மனவடு பட்ட ஆக்களுக்கு இந்த ரெண்டும்தான் முதல்ல போறது. சாமத்தில முழிப்பு, கெட்ட கனவு, வகுப்பில ஆராவது கதவை டமார் எண்டு சாத்தினா நெஞ்சு பதறி அதுக்குப் பிறகு டீச்சர் சொல்றது ஒண்டும் காதில விழாது. ஸ்வீடன்ல ஈராக் அகதிகளை வச்சு செய்து 2004ல வெளிவந்த ஒரு ஆய்விலயும், இந்த அறிகுறியள் கூடின ஆக்கள் மொழி படிச்ச வேகம் குறைவாத்தான் இருந்திருக்கு. ஜேர்மனியில பொதுவா 600 பாடவேளை மொழி வகுப்பு குடுக்கினம், அதில எத்தனை பாடவேளை அம்மாட மனசு அந்த வகுப்பில இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இன்னொண்டு இருக்கு. மொழி வகுப்பில முதல் பாடமே பேர் என்ன, எந்த ஊர், எத்தனை சகோதரம். அகதி விசாரணையிலயும் அதே கேள்வி, இங்க இலங்கையில செக்பொயின்டிலயும் அதேதான். 'எனக்கு ரெண்டு தம்பிமார்' எண்டு சொல்லோணும், அதில ஒருத்தன் இப்ப இல்லையெண்டா 'ஹாபே' (இருக்கினம்) போடுறதா 'ஹாட்டே' (இருந்தவை) போடுறதா? அந்த இடத்தில வாய் அடைச்சுப் போறதை டீச்சர் படிக்கேல்லை எண்டுதான் நினைப்பா, பாவம் அவவுக்கு எப்பிடித் தெரியும்.

நான் திருகோணமலை மார்க்கெட்டில சிங்களத்தில விலை பேசி மீன் வாங்குவன், பகிடியும் விடுவன். ஆனா யூனிஃபோம் போட்ட ஒருத்தர் 'கொஹெத யன்னே', எங்க போறாய் எண்டு கேட்டா இண்டைக்கும் நாக்கு ஒட்டிப்போகும். சண்டை நேரம் அந்த ரெண்டு சொல்லுக்குப் பிறகு வெயில்ல மூண்டு மணித்தியாலம் என்னை நிப்பாட்டி வச்சவை, அந்தச் சொல்லு எனக்கு இன்னும் வெயிலாத்தான் கேக்குது.

அம்மாவை டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போங்கோ, நித்திரை இல்லாததையும் கனவையும் மறைக்காமச் சொல்லச் சொல்லுங்கோ. உடல் நோயாலயோ மன நோயாலயோ படிக்க ஏலாத ஆக்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் மொழி நிபந்தனையில விலக்கு அங்கத்தைச் சட்டத்திலயே இருக்கு, அதுக்கு டொக்டரின்ட கடிதம் வேணும்.

வீட்டில மகள் அம்மம்மாவைத் திருத்துறதை விட்டிட்டு அவவிட்டக் கணக்குப் படிக்கட்டும். வாய்ப்பாட்டை ரெண்டு பேரும் டொச்சில சொல்லிப் பாக்கட்டும், ஏழாம் வாய்ப்பாட்டில ஒருத்தரும் அவவிட்ட எந்த ஊர், எத்தனை சகோதரம் எண்டு கேக்கப்போறேல்லை. எப்பிடிப் போகுது எண்டு எனக்கு எழுதுங்கோ.