ஏஜிஐ அடங்காமல் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதாதா?

மனுஷன் மாதிரி எல்லாவற்றையும் யோசிக்கிற ஏஐ ஒருநாள் வந்து, சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் கரண்ட்டை நிறுத்தினால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஐடியில் புரோகிராம் எழுதுகிறவராக இருக்க வேண்டும், அந்த பிளக் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சென்னையில், சர்வர்களை வரிசையாக வைத்து ஓட்டுகிற ஒரு டேட்டா சென்டரில் எட்டு வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தவன். டிப்ளமோதான், ஏஐ ஆராய்ச்சியாளன் இல்லை, அதனால் கமெண்ட்டில் வந்து எனக்கு நியூரல் நெட்வொர்க் பாடம் எடுக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மெட்டா கம்பெனியின் லாமா 3.1 என்ற ஏஐயின் பெரிய மாடலில் 405 பில்லியன் அளவுருக்கள், அதாவது அது கற்றுக்கொண்டதைச் சேமித்து வைத்திருக்கிற எண்கள்; ஒவ்வொன்றையும் 16 பிட்டில் வைத்தால் சுமார் 810 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் அதை அப்படியே ஓட்ட, ஏஐ கணக்குப் போடுகிற என்விடியா ஹெச்100 கார்டு 16 வேண்டும். ஒன்று 700 வாட் வரை இழுக்கும், கார்டுகள் மட்டுமே 11 கிலோவாட், அதாவது ஒன்றரை டன் ஏசி ஏழு ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. அந்தச் சூட்டை வெளியே தள்ளச் சில்லர், பம்ப், அதைப் பார்த்துக்கொள்ள எங்களை மாதிரி ஆட்கள். ஆக ஃபைல் தப்பித்துவிடும், உடம்பு தப்பிக்காது. உடம்பைப் பிடித்தால் போதும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கட்டடம் கட்டியிருப்பதே யாரும் நிறுத்த முடியாதபடிதான். இபி போனால் யூபிஎஸ், பத்துப் பதினைந்து வினாடியில் டிஜி என்கிற டீசல் ஜெனரேட்டர், டீசல் குறைந்தால் டேங்கர். சர்வர் அடுக்கிய ஒவ்வொரு ரேக்குக்கும் ஏ, பி என்று இரண்டு லைன், ஒன்று செத்தால் இன்னொன்று. 2015 வெள்ளத்தில் வெளியே முழங்கால் தண்ணீர், நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டீசல் டேங்க்கில் குச்சி விட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, சர்வருக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஒரே ஒரு தடவை நின்றது. பேட்டரி ரூம் கதவுக்குப் பக்கத்தில் எமர்ஜென்சி பவர் ஆஃப் பட்டன், சிவப்பு. அதற்கு ஒரு சாண் தள்ளிக் கதவு திறக்கிற பச்சை பட்டன். சிவப்பின் பிளாஸ்டிக் மூடி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது, மாற்றச் சொல்லி நானே இரண்டு மெயில் போட்டிருந்தேன். ஹவுஸ்கீப்பிங் பையன், வேலைக்கு வந்து நாலாவது நாள், ஒரு கையில் பக்கெட், இன்னொரு கையில் மாப், கதவு திறக்கத்தான் என்று நினைத்து முழங்கையால் சிவப்பை அழுத்திவிட்டான். எப்போதும் காதை அடைக்கிற இரைச்சல் இருக்கும் ஹால் அது. ஃபேன்கள் ஒவ்வொன்றாகச் சுற்றி அடங்கி, என் ஷூ சத்தம் எனக்கே கேட்டது. திரும்ப எல்லாவற்றையும் ஏற்ற ஐந்து மணி நேரம்.

பையனை அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். மூடி வாங்காத ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கான்ட்ராக்ட் ஆள் என்றால் அவ்வளவுதான். எங்களுக்கே நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் மூன்று மாதம் பாக்கி வைத்தவர்கள், கேட்டால் இன்வாய்ஸ் அப்ரூவ் ஆகவில்லை என்பார்கள். சரி, அதை விடுங்கள்.

ஏஐ ஆபத்தைப் பற்றி எச்சரிக்கிற எலியேசர் யுட்கோவ்ஸ்கி என்பவர் 2002-இல் ஒரு சோதனையில், வெளியுலகத் தொடர்பில்லாமல் பெட்டியில் அடைத்த ஏஐ போலத் தானே நடித்து, எதிரில் காவலாக உட்கார்ந்தவரிடம் சாட்டில் பேசியே திறக்க வைத்தார், இரண்டு தடவை. என்ன பேசினார் என்று வெளியே சொல்லவில்லை. எங்கள் இடத்தில் பேசவே வேண்டாம், நிறுத்தினால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் 2024-இல் மூடிக்கிடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையின் மின்சாரத்துக்கு 20 வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவ்வளவு பணம் கொட்டியவர்கள், ஏதோ சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் சொன்னதும் அணைத்துவிடுவார்களா?

அந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகு சிவப்பு பட்டனுக்கு இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டினார்கள். சாவி ஷிஃப்ட் இன்சார்ஜ் டிராயரில். டிராயர் சாவி மேனேஜரிடம். ராத்திரி 2 மணிக்கு அவர் போன் எடுத்து நான் பார்த்ததில்லை.